வீட்டெஸ்டில் டைப் அமைப்பு: எந்த வரியை எந்தக் கோப்பில் எழுதுவது?

வலைச் செயலிகளை உருவாக்க உதவும் வீட் கருவியில் ஓடிக்கொண்டிருக்கும் ப்ராஜெக்டில் வீட்டெஸ்ட் என்ற டெஸ்ட் கருவியைச் சேர்ப்பது ஒரே கட்டளையில் முடிகிற வேலை. அப்புறம் வீட் கான்ஃபிக் கோப்பைத் திறந்து ‘டெஸ்ட்’ என்றொரு பகுதியை எழுதுகிறோம். உடனே அதன் கீழே சிவப்புக் கோடு விழுகிறது. இந்த டைப்பில் ‘டெஸ்ட்’ என்று எதுவும் கிடையாது என்கிறது, ஜாவாஸ்கிரிப்டுக்கு டைப் சரிபார்ப்பைச் சேர்க்கும் டைப்ஸ்கிரிப்ட். டெர்மினலில் ஓட்டிப் பார்த்தால் டெஸ்டுகள் எல்லாம் பச்சையாக ஓடுகின்றன. எடிட்டர் மட்டும் விடுவதாக இல்லை.

தேடினால் நாலைந்து பதில்கள் கிடைக்கும். கோப்பின் தலையில் மூன்று சாய்கோட்டு வரி ஒன்றைப் போடச் சொல்வார் ஒருவர். இம்போர்ட்டை மாற்றினால் போதும் என்பார் இன்னொருவர். டைப்ஸ்கிரிப்டின் அமைப்புக் கோப்பான டிஎஸ்கான்ஃபிக்கின் ‘டைப்ஸ்’ பட்டியலில் ஒரு பெயரைச் சேர்க்கச் சொல்பவர் உண்டு. தனிக் கான்ஃபிக் கோப்பு வைக்கச் சொல்பவரும் உண்டு. இவை எல்லாமே ஏதோ ஓர் இடத்தில் சரியான பதில்கள்தான். ஆனால் எல்லாம் ஒரே கேள்விக்கான பதில்கள் அல்ல. கான்ஃபிக் கோப்புக்கு டைப் வேண்டும் என்பது ஒரு கேள்வி. டெஸ்ட் கோப்புகளுக்கு டைப் வேண்டும் என்பது முற்றிலும் வேறொரு கேள்வி. இரண்டையும் ஒரே பத்தியில் சொல்லிவிட்டுப் போகும் எந்த ஆவணமும், வாசிப்பவரை எல்லா வரிகளையும் எல்லா இடத்திலும் ஒட்டிப் பார்க்க வைத்துவிடும். அப்படி ஒட்டிய ப்ராஜெக்டுகள் நிறைய இருக்கின்றன. எந்த வரியை எடுத்தால் எது உடையும் என்று அந்தக் குழுவில் யாருக்கும் தெரியாது.

வழிகளை ஒப்பிடும்போது நான் ஒவ்வொன்றிடமும் கேட்பது இதைத்தான்: இந்த வரியை எழுதினால் எந்தெந்தக் கோப்புகள் பாதிக்கப்படும்? பாதிப்பு எவ்வளவு குறுகியதோ, அந்த வழி அவ்வளவு நல்லது. ஆவணம் எழுதுபவரும் வரியைக் கொடுக்கும்போதே அதன் எல்லையையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

மூன்று சாய்கோட்டு வரி உண்மையில் என்ன செய்கிறது

/// <ரெஃபரன்ஸ் டைப்ஸ்="வீட்டெஸ்ட்/கான்ஃபிக்" />

2016இல் வந்த டைப்ஸ்கிரிப்ட் 2.0தான் இந்த ‘ரெஃபரன்ஸ் டைப்ஸ்’ வரியைக் கொண்டுவந்தது. பார்க்கக் கமென்ட் மாதிரி இருக்கும். கோப்பு ஓடும்போது ஜாவாஸ்கிரிப்டுக்கு அது கமென்ட்தான், அதற்கு எந்த விளைவும் கிடையாது. டைப்ஸ்கிரிப்டுக்கு மட்டும் அது ஒரு கட்டளை: இந்தப் பேக்கேஜின் டைப் அறிவிப்புகளையும் கணக்கில் எடுத்துக்கொள்.

இதில் இரண்டு நுணுக்கங்கள் இருக்கின்றன. முதலாவது, இந்த வரி கோப்பின் உச்சியில் இருக்க வேண்டும். இதற்கு மேலே வேறு கமென்டுகள் இருக்கலாம். ஓர் இம்போர்ட் வந்துவிட்டால்கூட, அதற்குக் கீழே இருக்கும் சாய்கோட்டு வரி வெறும் கமென்ட் ஆகிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. இம்போர்ட்டுகளை வரிசைப்படுத்தும் கருவி ஒன்று அந்த வரியைக் கீழே தள்ளிவிட்டால், காரணம் தெரியாமல் சிவப்புக் கோடு திரும்ப வரும்.

இரண்டாவதுதான் பலரும் கவனிக்காதது. ஒரு கோப்பில் எழுதினாலும் இதன் விளைவு அந்தக் கோப்போடு நிற்பதில்லை. ஒரு டிஎஸ்கான்ஃபிக்கின் கீழ் வரும் எல்லாக் கோப்புகளையும் டைப்ஸ்கிரிப்ட் ஒரே தொகுப்பாகத்தான் பார்க்கிறது. தொகுப்பில் ஏதோ ஒரு கோப்பு குளோபல் டைப்புகளை, அதாவது இம்போர்ட் இல்லாமலே தெரியும் பெயர்களின் டைப்புகளை, உள்ளே கொண்டுவந்தால், அவை தொகுப்பு முழுவதற்கும் வந்துவிடும். ஒரு டெஸ்ட் கோப்பின் தலையில் ‘வீட்டெஸ்ட்/குளோபல்ஸ்’ என்று ரெஃபரன்ஸ் போட்டால், பக்கத்தில் இருக்கும், அந்த வரியே இல்லாத கோப்பிலும் டெஸ்டுகளைத் தொகுக்கும் ‘டிஸ்க்ரைப்’ ஃபங்ஷன் தெரியும். முதல் கோப்பை நீக்கினால் பக்கத்துக் கோப்பு உடையும். இந்த ஒன்றை ஆவணத்தில் ஒரு வாக்கியமாகச் சொல்லியிருந்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கான்ஃபிக் கோப்புக்கு மூன்று வழிகள்

முதல் வழி, மேலே பார்த்த வரியே. ‘டிஃபைன்கான்ஃபிக்’ ஃபங்ஷனை எப்போதும்போல வீட் பேக்கேஜிலிருந்தே எடுத்துக்கொள்கிறோம். தலையில் ரெஃபரன்ஸ் வரி. வீட்டெஸ்டின் அறிவிப்பு, வீட் கருவியின் கான்ஃபிக் டைப்பை விரிவாக்கி, அதில் ‘டெஸ்ட்’ என்ற பண்பைச் சேர்த்துவிடுகிறது.

இங்கே பழைய குறிப்புகளைப் பார்த்து எழுதுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2024 செப்டம்பரில் வந்த 2.1 பதிப்புக்கு முன்பு எல்லோரும் எழுதியது வெறும் ‘வீட்டெஸ்ட்’ என்ற ரெஃபரன்ஸ். 2.1இலிருந்து ‘வீட்டெஸ்ட்/கான்ஃபிக்’ என்று எழுதச் சொல்கிறது ஆவணம். பழைய வடிவம் பின்னால் வரும் பெரிய பதிப்பில் வேலை செய்யாமல் போகும் என்ற எச்சரிக்கையும் அதில் இருந்தது. இணையத்தில் கிடைக்கும் மாதிரிகள் பலவற்றில் இன்னும் பழைய வரிதான் இருக்கிறது. புதிதாக எழுதும்போது பழையதை நகலெடுக்க எந்தக் காரணமும் இல்லை.

இந்த வழியின் பெரிய பலம், வீட் கான்ஃபிக் ஓடும்போது வீட்டெஸ்டைத் தொடுவதே இல்லை என்பது. பில்ட் செய்யும் கணினியில் டெஸ்ட் கருவிகள் நிறுவப்படாமல் இருந்தாலும் வீட் பில்ட் நடக்கும். டைப் சரிபார்ப்பு மட்டும்தான் முறையிடும்.

இரண்டாம் வழி, ‘டிஃபைன்கான்ஃபிக்’ ஃபங்ஷனை ‘வீட்டெஸ்ட்/கான்ஃபிக்’ என்ற இடத்திலிருந்து இம்போர்ட் செய்வது. சாய்கோட்டு வரி தேவையில்லை. அந்த ஃபங்ஷனுக்கே ‘டெஸ்ட்’ பகுதி தெரியும். டைப் எங்கிருந்து வருகிறது என்பதை இம்போர்ட்டைப் படித்தே புரிந்துகொள்ளலாம். பெயரைத் தப்பாக எழுதினால் கோப்பு ஓடவே ஓடாது, தவறு அந்த நிமிடமே வெளியே வந்துவிடும். கீழே நழுவி ஊமையாகிப்போகும் அபாயம் இதற்குக் கிடையாது.

இதற்கும் ஒரு விலை உண்டு. வீட் பில்ட் ஓடும்போதெல்லாம் கான்ஃபிக் கோப்பு படிக்கப்படும், அதில் உள்ள இம்போர்ட்டும் ஓடும். அதனால் பில்டுக்கும் வீட்டெஸ்ட் நிறுவியிருக்க வேண்டியதாகிறது. பெரும்பாலான ப்ராஜெக்டுகளில் வீட், வீட்டெஸ்ட் இரண்டும் ஒன்றாகத்தான் நிறுவப்படும் என்பதால் இது உறைக்காது. டெஸ்ட் கருவிகளைத் தனியாகப் பிரித்து வைத்திருக்கும் குழுக்களுக்கு இது உண்மையான தடை.

சரி, இரண்டில் எது? எனக்கு இரண்டாவதுதான் இயல்பான தேர்வு. சத்தம் போட்டு உடைகிற ஒன்று, சத்தமில்லாமல் செயலிழக்கிற ஒன்றைவிட எப்போதும் மேல். பில்டில் வீட்டெஸ்ட் இருக்கக் கூடாது என்ற கட்டாயம் உள்ளவர்களுக்கு முதல் வழி. ஆனால் இரண்டையும் சேர்த்துப் போட வேண்டாம். ‘வீட்டெஸ்ட்/கான்ஃபிக்’ இம்போர்ட் இருக்கும் கோப்பிலேயே அதே பெயரில் ரெஃபரன்ஸ் வரியும் இருந்தால் அது மிகைதான். கோடைச் சரிபார்த்து எச்சரிக்கும் லின்ட் கருவியான டைப்ஸ்கிரிப்ட்-ஈஎஸ்லின்ட்டின் பரிந்துரைத் தொகுப்பில் இதைச் சுட்டிக்காட்டவே ஒரு விதி இருக்கிறது. அதே பேக்கேஜுக்கு இம்போர்ட் இருந்தால் சாய்கோட்டு வரி வேண்டாம் என்கிறது அது. இம்போர்ட் இல்லாமல் ரெஃபரன்ஸ் மட்டும் இருந்தால் அந்த விதி ஒன்றும் சொல்லாது. லின்ட் கத்துகிறது என்பதற்காக, முதல் வழியில் இருப்பவர்கள் அவசரப்பட்டு வரியை நீக்க வேண்டிய அவசியம் வராது.

மூன்றாம் வழி, டெஸ்டுக்கென்று தனியாக ஒரு வீட்டெஸ்ட் கான்ஃபிக் கோப்பு. டெஸ்ட் அமைப்பு பெரிதாகி, பில்ட் அமைப்போடு ஒட்டாமல் போகும்போது இது நல்ல பிரிவினை. ஆனால் தனிக் கோப்பு இருந்தால் வீட்டெஸ்ட் அதை மட்டும்தான் படிக்கும், வீட் கான்ஃபிக்கைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அங்கே இருந்த பிளக்இன்களும் பாதைச் சுருக்கங்களும் டெஸ்டில் காணாமல் போகும். ‘மெர்ஜ்கான்ஃபிக்’ ஃபங்ஷனால் இரண்டையும் இணைக்க வேண்டும். இணைக்கும்போது டெஸ்ட் பகுதியை ‘டிஃபைன்கான்ஃபிக்’ உள்ளே சுற்றிக் கொடுப்பது முக்கியம். ‘மெர்ஜ்கான்ஃபிக்’ எந்த ஆப்ஜெக்டையும் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்ளும் டைப் கொண்டது. சுற்றாமல் கொடுத்தால் எழுத்துப்பிழை இருந்தாலும் கண்டுகொள்ளாது. வீட் கான்ஃபிக் ஒரு ஃபங்ஷனாக ஏற்றுமதி செய்யப்பட்டிருந்தால் நேரடியாக இணைக்க முடியாது. முதலில் அதை அழைத்து, வரும் ஆப்ஜெக்டை இணைக்க வேண்டும். இவ்வளவும் டைப் பிழை ஒன்றைத் தீர்க்கத்தான் என்றால், தேவையில்லாத வேலை. டெஸ்ட் சூழலே வேறு என்றால் மட்டும் இந்த வழிக்குப் போங்கள்.

எல்லாம் சரியாக எழுதியும் சிவப்புக் கோடு போகாத ஒரு சூழ்நிலையும் உண்டு. ஒரே ப்ராஜெக்டில் வீட் இரண்டு பதிப்புகளாக நிறுவப்பட்டிருப்பது. பல பேக்கேஜுகளை ஒரே களஞ்சியத்தில் வைத்திருக்கும் இடங்களில் இது அடிக்கடி நடக்கும். முதல் வழியில், வீட்டெஸ்ட் தன் பக்கத்து வீட் பிரதியின் டைப்பை விரிவாக்கியிருக்கும், நீங்கள் இம்போர்ட் செய்வதோ வேறொரு பிரதி. ‘டெஸ்ட்’ இல்லை என்ற பிழை அப்படியே நிற்கும். இரண்டாம் வழியில் ‘டெஸ்ட்’ பிரச்சினை போய்விடும், ஆனால் பிளக்இன் பட்டியலில் டைப் பொருந்தவில்லை என்று திரையை நிறைக்கும் நீளத்துக்கு ஒரு பிழை வரும். அறிகுறி வேறு, நோய் ஒன்றுதான். வீட் எத்தனை பிரதிகள் இருக்கின்றன என்று என்பிஎம்மின் ‘எல்எஸ்’ கட்டளையில் பார்த்து, ஒரே பதிப்புக்குக் கொண்டுவருவதுதான் தீர்வு. பிழையை அடக்கும் கமென்ட் போட்டுவிட்டுப் போனால், பிளக்இன் உண்மையிலேயே பொருந்தாமல் போகும் நாளில் சொல்ல ஆள் இருக்காது.

டெஸ்ட் கோப்புகள்: இம்போர்ட்டா, குளோபலா?

இது அடுத்த கேள்வி. மேலே செய்த எதுவும் இதற்கு உதவாது.

வீட்டெஸ்டில் ‘டிஸ்க்ரைப்’, ‘இட்’, ‘எக்ஸ்பெக்ட்’ ஆகியவை இயல்பாகக் குளோபல் அல்ல. ஒவ்வொரு டெஸ்ட் கோப்பிலும் இம்போர்ட் செய்ய வேண்டும். ஜெஸ்ட் என்ற வேறொரு டெஸ்ட் கருவியில் பழகியவர்களுக்கு இது உறுத்தும், ஏனென்றால் அங்கே அவை தானாகக் கிடைப்பவை. இம்போர்ட் செய்தால் டைப் விஷயம் அத்தோடு முடிந்தது. ரெஃபரன்ஸ் வேண்டாம், டிஎஸ்கான்ஃபிக் திருத்தம் வேண்டாம், விளைவு அந்தக் கோப்புக்குள்ளேயே நிற்கும்.

குளோபல் வேண்டுமென்றால் இரண்டு இடத்தில் எழுத வேண்டும். கான்ஃபிக்கின் டெஸ்ட் பகுதியில் ‘குளோபல்ஸ்’ என்பதை ‘ட்ரூ’ ஆக்குவது ஒன்று, அது ஓடும்போது வேலை செய்ய. டிஎஸ்கான்ஃபிக்கின் ‘டைப்ஸ்’ பட்டியலில் ‘வீட்டெஸ்ட்/குளோபல்ஸ்’ சேர்ப்பது இன்னொன்று, அது டைப்புக்காக. ஒன்றைச் செய்து மற்றொன்றை விட்டால் ஒரு பக்கம் மட்டும் ஓடும். முதலாவதை மட்டும் செய்தவருக்கு டெஸ்ட் ஓடும், எடிட்டர் சிவக்கும். இரண்டாவதை மட்டும் செய்தவருக்கு எடிட்டர் அமைதியாக இருக்கும், ஓட்டினால் ‘டிஸ்க்ரைப்’ வரையறுக்கப்படவில்லை என்று விழும்.

எடிட்டர் சிவக்கும்போது டைப்ஸ்கிரிப்ட் காட்டும் செய்தியைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். ‘டிஸ்க்ரைப்’ என்ற பெயர் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு, டெஸ்ட் கருவிக்கான டைப் பேக்கேஜை நிறுவ வேண்டுமா என்று கேட்டு, ஜெஸ்ட் அல்லது மோக்காவின் டைப் பேக்கேஜை நிறுவும் கட்டளையையே கையில் கொடுக்கிறது. பிழை எண் 2582. வீட்டெஸ்ட் பற்றி அந்தச் செய்தியில் ஒரு வார்த்தையும் இல்லை. சொன்னபடி ஜெஸ்ட் டைப்புகளை நிறுவி, டைப்ஸ்கிரிப்ட் அவற்றை எடுத்துக்கொண்டால் சிவப்புக் கோடுகள் மறைந்துவிடும், ஆகவே பிரச்சினை தீர்ந்தது போலத் தோன்றும். உண்மையில் இப்போது எடிட்டர் இல்லாத ஒரு கருவியின் டைப்புகளைக் காட்டிக்கொண்டிருக்கிறது. ‘ஜெஸ்ட்.எஃப்என்’ என்று எழுதினால் அழகாக ஏற்றுக்கொள்ளும், ஓட்டினால் ஜெஸ்ட் என்றால் என்னவென்றே தெரியாது என்று விழும். வீட்டெஸ்டின் சொந்தமான ‘விஐ’யை எழுதினால் அது இல்லை என்று எடிட்டர் சாதிக்கும். வீட்டெஸ்ட் ப்ராஜெக்டில் ஜெஸ்ட் டைப் பேக்கேஜைக் கண்டால், பெரும்பாலும் யாரோ இந்தச் செய்தியை நம்பியதன் தடம்தான் அது. ஆவணத்தில் ஒரு சிறு எச்சரிக்கைப் பெட்டி போட இதைவிடத் தகுந்த இடம் எனக்குத் தெரியவில்லை.

‘டைப்ஸ்’ பட்டியலிலேயே ஒரு பொறி இருக்கிறது. அந்தப் பட்டியலே இல்லாத டிஎஸ்கான்ஃபிக்கில் கண்ணுக்குத் தெரியும் ‘அட் டைப்ஸ்’ பேக்கேஜுகள் (டைப் அறிவிப்புகளை மட்டும் கொண்டவை) எல்லாவற்றையும் தானாக உள்ளே எடுத்துக்கொள்வதுதான் டைப்ஸ்கிரிப்ட் 6.0க்கு முன்புவரை இருந்த இயல்பான பழக்கம். பட்டியல் என்று ஒன்றை எழுதிய கணத்தில், அதில் உள்ளவை மட்டும்தான். அந்தப் பழைய பதிப்புகளில் ‘வீட்டெஸ்ட்/குளோபல்ஸ்’ மட்டும் எழுதினால் அதுவரை தெரிந்துகொண்டிருந்த நோட் டைப்புகள் போய்விடும். ‘ப்ராசஸ்’ என்றால் என்ன என்று டைப்ஸ்கிரிப்ட் கேட்கத் தொடங்கும். அதேபோல, ஏற்கெனவே பட்டியலில் ‘வீட்/கிளையன்ட்’ இருந்தால் அதை அழித்துவிட்டு எழுதக் கூடாது. அழித்தால் படக் கோப்புகளை இம்போர்ட் செய்யும் இடங்கள் சிவக்கும். ‘இந்த வரியைச் சேருங்கள்’ என்று ஆவணம் சொன்னால் போதாது. ‘இருக்கும் பட்டியலோடு சேருங்கள், பட்டியலே இல்லையென்றால் நோட் போன்றவற்றையும் சேர்த்து எழுதுங்கள்’ என்று சொல்ல வேண்டும்.

எந்த டிஎஸ்கான்ஃபிக்கில் சேர்ப்பது என்பது இன்னொரு சிக்கல். வீட் உருவாக்கித் தரும் ரியாக்ட் டைப்ஸ்கிரிப்ட் ப்ராஜெக்டில் மூன்று டிஎஸ்கான்ஃபிக் கோப்புகள் இருக்கும். மூலக் கோப்பில் சொந்தமாகக் கோப்புகள் எதுவும் கிடையாது, மற்ற இரண்டையும் சுட்டிக்காட்டுவது மட்டுமே அதன் வேலை. ‘ஆப்’ என்பது எஸ்ஆர்சி அடைவுக்கு. ‘நோட்’ என்பது வீட் கான்ஃபிக் கோப்புக்கு. குளோபல் டைப்பை மூலக் கோப்பில் எழுதினால் எந்தப் பயனும் இல்லை, அங்கே சரிபார்க்கப்படும் கோப்பே இல்லையே. ‘நோட்’ கோப்பில் எழுதினாலும் டெஸ்டுகளுக்குப் போய்ச் சேராது. ‘ஆப்’ கோப்பில்தான் எழுத வேண்டும். ‘டிஎஸ்கான்ஃபிக்கில் எழுதுங்கள்’ என்று ஒருமையில் சொல்லும் அறிவுரை, இந்த அமைப்பு வந்ததிலிருந்து பாதி அறிவுரை ஆகிவிட்டது.

‘ஆப்’ கோப்பில் எழுதினால் வேலை முடியும், ஆனால் இப்போது டெஸ்ட் குளோபல்கள் உற்பத்திக் கோப்புகளுக்கும் தெரிகின்றன. ஒரு காம்பொனென்ட்டில் யாராவது தவறுதலாக ‘எக்ஸ்பெக்ட்’ என்று அடித்துவிட்டால் டைப்ஸ்கிரிப்ட் ஆட்சேபிக்காது. பில்ட் ஆகும், உலாவியில் அந்த வரி வந்ததும் விழும். இதைத் தடுக்க டெஸ்டுக்கென்று நாலாவதாக ஒரு டிஎஸ்கான்ஃபிக் வைப்பது சரியான வழி. அதில் டெஸ்ட் கோப்புகளை மட்டும் சேர்த்து, ‘ஆப்’ கோப்பிலிருந்து அவற்றை விலக்கிவிட வேண்டும். வியூவின் தொடக்க வார்ப்புரு வீட்டெஸ்ட் கேட்பவர்களுக்கு இதே முறையில்தான் தனி டிஎஸ்கான்ஃபிக் ஒன்றைத் தருகிறது. புதிய கோப்பை மூலக் கோப்பின் சுட்டுப் பட்டியலிலும் சேர்க்க மறக்காதீர்கள். சேர்க்காவிட்டால் எடிட்டருக்கு அந்தக் கோப்பு இருப்பதே தெரியாது. எடிட்டர் தானாகத் தேடுவது மூலப் பெயரில் இருக்கும் டிஎஸ்கான்ஃபிக்கையும் அது சுட்டுபவற்றையும்தான்.

உலாவியில் டெஸ்ட் ஓட்டும் சைப்ரஸ் கருவியும் அதே களஞ்சியத்தில் இருந்தால் தனித்தனி டிஎஸ்கான்ஃபிக் என்பது விருப்பம் அல்ல, கட்டாயம். அங்கேயும் ‘எக்ஸ்பெக்ட்’ குளோபல்தான், ஆனால் அது ‘சாய்’ என்ற நூலகத்தின் டைப். ஒரே தொகுப்பில் இரண்டு ‘எக்ஸ்பெக்ட்’ இருந்தால் யாராவது ஒருவர் தோற்பார். சைப்ரஸ் அடைவுக்குள்ளேயே ஒரு டிஎஸ்கான்ஃபிக் வைத்துவிட்டால் இரண்டும் சந்திக்கவே சந்திக்காது.

இவ்வளவையும் பார்த்தபின் டெஸ்ட் கோப்புகளுக்கு என் தேர்வு இம்போர்ட்தான். கோப்புக்கு ஒரு வரி கூடும், அதுவும் எடிட்டரே போட்டுத்தரும் வரி. ஆனால் அதற்கும் ஒரு மறைமுகச் செலவு உண்டு, அதைச் சொல்லாமல் பரிந்துரைப்பது நியாயம் அல்ல. ரியாக்ட் டெஸ்டிங் லைப்ரரி ஒவ்வொரு டெஸ்டும் முடிந்ததும் திரையைத் தானாகத் துடைப்பது, ‘ஆஃப்டர்ஈச்’ குளோபலாகக் கிடைத்தால் மட்டுமே. குளோபல் அணைந்திருந்தால் முந்தைய டெஸ்டில் வரைந்த பட்டன் அடுத்த டெஸ்டிலும் தொங்கிக்கொண்டிருக்கும், ஒரே பெயரில் இரண்டு கிடைத்ததென்று பிழை வரும். டெஸ்டுகளுக்கு முன் ஓடும் செட்அப் கோப்பில் ‘ஆஃப்டர்ஈச்’ இம்போர்ட் செய்து ‘கிளீன்அப்’பை நாமே அழைத்துவிட்டால் போதும். ஒரு தடவை செய்கிற வேலை.

குளோபலுக்கு நான் சரி சொல்லும் இடம் ஒன்று இருக்கிறது. ஜெஸ்டிலிருந்து நூற்றுக்கணக்கான டெஸ்ட் கோப்புகளோடு வருபவர்கள். அத்தனை கோப்புகளையும் முதல் நாளே திருத்தச் சொல்வது நடக்காத காரியம். அவர்கள் குளோபலைத் திறந்து, தனி டிஎஸ்கான்ஃபிக் வைத்து, பழைய ஜெஸ்ட் டைப் பேக்கேஜை மட்டும் மறக்காமல் நீக்கிவிட்டு நகரலாம். இம்போர்ட்டுக்கு மாறுவது பிறகு நிதானமாக நடக்கட்டும்.

மேட்சர்களும் மற்றவையும்

மேட்சர் என்பது ‘எக்ஸ்பெக்ட்’ மேல் அழைக்கும் சரிபார்ப்பு ஃபங்ஷன். ‘ஜெஸ்ட்-டாம்’ என்ற பேக்கேஜ் தரும் மேட்சர்களுக்கு டைப் வேண்டுமென்றால், செட்அப் கோப்பில் அந்தப் பேக்கேஜின் ‘வீட்டெஸ்ட்’ நுழைவை இம்போர்ட் செய்தால் ஓட்டத்துக்கும் டைப்புக்கும் சேர்த்து வேலை முடியும். செட்அப் கோப்பு டெஸ்டுகளின் டிஎஸ்கான்ஃபிக்கிலேயே சேர்ந்திருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. மூல அடைவில் தனியாகக் கிடந்தால் டைப் போய்ச் சேராது.

சொந்த மேட்சர் எழுதுபவர்கள் அறிவிப்புக் கோப்பின் தலையில் வீட்டெஸ்டை ஒரு முறை இம்போர்ட் செய்துவிட்டுத்தான் ‘டிக்ளேர் மாட்யூல்’ எழுத வேண்டும். அந்த இம்போர்ட் இல்லாவிட்டால் டைப்ஸ்கிரிப்ட் அதை விரிவாக்கமாக எடுத்துக்கொள்ளாது. வீட்டெஸ்ட் என்ற மாட்யூலையே புதிதாக அறிவிக்கிறீர்கள் என்று எண்ணி, ‘டிஸ்க்ரைப்’ உட்பட எல்லாவற்றையும் தொலைத்துவிடும்.

உற்பத்திக் கோப்புக்குள்ளேயே டெஸ்ட் எழுதும் வசதியைப் பயன்படுத்துவோருக்கு ‘வீட்டெஸ்ட்/இம்போர்ட்மெட்டா’ என்று தனியே ஒரு டைப் நுழைவு இருக்கிறது. அது ‘ஆப்’ கோப்பில்தான் போக வேண்டும். அங்கே டெஸ்டும் உற்பத்தியும் ஒரே கோப்பு என்பதால் பிரிக்க வழியில்லை.

ஆவணத்தில் எப்படி எழுதலாம்

ஒரு கருவியின் ஆவணமோ, நம் குழுவின் ரீட்மீயோ, வாசிப்பவர் கையில் ஒரு வரியைக் கொடுக்கும்போது கூடவே கொடுக்க வேண்டியது கோப்பின் பெயர். மாதிரிக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

“வீட் கான்ஃபிக்கிலேயே டெஸ்ட் அமைப்பை எழுதுவதானால், டிஃபைன்கான்ஃபிக்கை ‘வீட்டெஸ்ட்/கான்ஃபிக்’கிலிருந்து இம்போர்ட் செய்யுங்கள். அதை வீட் பேக்கேஜிலிருந்தே எடுக்க வேண்டியிருந்தால் மட்டும், எல்லா இம்போர்ட்டுகளுக்கும் மேலே ரெஃபரன்ஸ் வரியைச் சேருங்கள். இவை கான்ஃபிக் கோப்பின் டைப்புக்கு மட்டும். டெஸ்ட் கோப்புகளில் டிஸ்க்ரைப், எக்ஸ்பெக்ட் தெரிவதற்கு அவற்றை இம்போர்ட் செய்யுங்கள், அல்லது கீழே உள்ள குளோபல் பகுதியைப் பாருங்கள்.”

நடுவில் இருக்கும் ‘இவை கான்ஃபிக் கோப்பின் டைப்புக்கு மட்டும்’ என்ற வாக்கியம்தான் முக்கியமானது. அது இல்லாவிட்டால், ரெஃபரன்ஸ் வரி போட்ட பிறகும் ‘டிஸ்க்ரைப்’ ஏன் தெரியவில்லை என்று ஒருவர் மாலை முழுவதும் தேடிக்கொண்டிருப்பார். மூன்று வழிகளையும் சம எடையில் அடுக்கி ‘உங்களுக்கு எது வசதியோ அது’ என்று விடுவதையும் நான் விரும்புவதில்லை. புதிதாக வருபவரிடம் அந்த முடிவை எடுக்கத் தேவையான தகவல் இருக்காது. முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும், மற்றவற்றை எப்போது தேட வேண்டும் என்ற நிபந்தனையோடு பின்னால் வைக்க வேண்டும்.

சரியாக அமைந்ததா என்று பார்ப்பது

வீட்டெஸ்டை ஓட்டிப் பார்ப்பது இதற்குச் சோதனை ஆகாது. அது டைப்புகளைச் சரிபார்க்காமல் கழற்றிவிட்டுத்தான் கோப்பை ஓட்டுகிறது. டெஸ்ட் முழுக்கப் பச்சையாக இருந்தும் டைப் முழுக்க உடைந்திருக்கலாம். டைப்ஸ்கிரிப்டின் சொந்தச் சரிபார்ப்புக் கட்டளையான டிஎஸ்சிதான் தீர்ப்பு சொல்ல வேண்டும். அதிலும் ஒரு கவனம் வேண்டும். மூன்று டிஎஸ்கான்ஃபிக் இருக்கும் ப்ராஜெக்டின் மூல அடைவில் நின்று ‘நோஎமிட்’ கொடியோடு மட்டும் டிஎஸ்சி ஓட்டினால், சொந்தக் கோப்பே இல்லாத மூலக் கோப்பைத்தான் அது சரிபார்க்கும். ஒன்றும் பார்க்காமலே ‘பிழை இல்லை’ என்று வந்துவிடும். சுட்டப்பட்ட கோப்புகளையும் சேர்த்துப் பார்க்க ‘பில்ட்’ கொடியோடு ஓட்ட வேண்டும். தொடர் ஒருங்கிணைப்பில் இருப்பது எந்தக் கொடி என்று இப்போதே பார்த்துவிடுவது நல்லது.

அப்புறம் வேண்டுமென்றே மூன்று தவறுகள் செய்து பாருங்கள். கான்ஃபிக்கின் டெஸ்ட் பகுதியில் ‘குளோபல்ஸ்’ என்பதில் ஓர் எழுத்தை விட்டுவிடுங்கள். ஒரு டெஸ்ட் கோப்பில் ‘எக்ஸ்பெக்ட்’ மேல் இல்லாத மேட்சர் ஒன்றை அழையுங்கள். கடைசியாக, எஸ்ஆர்சி அடைவில் ஏதாவது ஒரு காம்பொனென்ட்டில், இம்போர்ட் இல்லாமல் ‘டிஸ்க்ரைப்’ எழுதுங்கள். டிஎஸ்சி மூன்றையும் பிடிக்க வேண்டும். முதலாவது தப்பினால் கான்ஃபிக் கோப்பு எந்த டிஎஸ்கான்ஃபிக்கிலும் சேரவில்லை, அல்லது ‘டிஃபைன்கான்ஃபிக்’ சுற்றாமல் இணைத்திருக்கிறீர்கள். இரண்டாவது தப்பினால் டெஸ்ட் கோப்புகள் சரிபார்ப்புக்கு வெளியே நிற்கின்றன. மூன்றாவது தப்பினால் குளோபல் டைப்புகள் ஆப் தொகுப்புக்குள் வந்துவிட்டன. எங்கிருந்து வருகின்றன என்று ‘டைப்ஸ்’ பட்டியலில் தேடுங்கள். அங்கே இல்லையென்றால், ஏதோ ஒரு டெஸ்ட் கோப்பின் தலையில் மூன்று சாய்கோட்டு வரி ஒன்று இருக்கும்.